அந்த ஒரு பெட்டிக்கு மட்டும்

மார்ச் 3, திங்கள்

அக்காவுக்கு,

மாட்டேன். கேட்கவே மாட்டேன். "அவன் எப்போ வந்து மாமாகிட்ட மன்னிப்பு கேட்பான்னு கேட்டுட்டு வாங்க"ன்னு எங்க வேன் டிரைவர்கிட்ட சொல்லி அனுப்பினியாமே. பாவம், ஹாரன் அண்ணன். ரோட்டுல பூனை போனாக்கூட அஞ்சு தடவை ஹாரன் அடிக்கிற மனுஷன், இதைக் கேட்க வாய் வராம வண்டிக் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே கேட்டாரு. அவர்கிட்ட வாயால பதில் சொன்னா பாதியை வழியிலேயே தொலைச்சுடுவாரு. அதான் எழுதுறேன். போன்ல பேசினா நாம ரெண்டு பேரும் கத்துவோம், அம்மா அழும், நீ கட் பண்ணுவ. போன் வேண்டாம்னு நீதான் சட்டம் போட்ட. சரி, வேண்டாம். தினமும் வேன் உன் தெரு வழியாத்தான் போகுது, இனிமே ஹாரன் அண்ணன்தான் நமக்கு போஸ்ட்மேன்.

இப்ப சொல்லு, நான் என்ன தப்பு பண்ணினேன்? புது வீட்டுக்கு நீங்க குடிவந்த அன்னைக்கு நான் பாட்டுக்கு ஓரமா உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தேன். டிவில படம் கோடு கோடா ஓடுது, நீ கேபிள் வேலை பாக்குறவன்தானே, என்னன்னு பாருடான்னு மாமாதான் கூப்பிட்டாரு. சுவத்துல இருந்த பிளேட்டைத் திறந்து பாத்தேன். கரன்ட் ஒயரும் கேபிள் ஒயரும் ஒரே பெட்டிக்குள்ள கட்டிப்பிடிச்சுக் கிடக்குது. பாத்த வரைக்கும் ரெண்டும் ஒரே பைப்புக்குள்ளயும் வர்ற மாதிரிதான் இருக்குது. அது கூடாது. என்னைக்குமே கூடாது. வேலைக்குச் சேர்ந்த மொத நாளே எங்களுக்கு அதைத்தான் சொல்லிக் கொடுத்தாங்க.

அதைச் சொன்னது தப்பா? சத்தமா சொன்னேன், ஒத்துக்கறேன். என் தொண்டையே அப்படி. இனிமே நம்ம வீட்டுல உண்மையை மெதுவாத்தான் சொல்லணும்னா, அதையும் சட்டமாப் போட்டுடு.

அம்மாவைக் கேட்டதாச் சொல்லு. உன் வீட்டுக்குக் கிளம்பின அவசரத்துல அதோட மூட்டு வலி மாத்திரை என் ரூம்லயே இருந்துடுச்சு, ஹாரன் அண்ணன்கிட்ட கொடுத்திருக்கேன்.

உன் தம்பி,
குடைச்சல்

*

மார்ச் 4

டேய் குடைச்சல்,

மாத்திரை வந்துச்சு. கடுதாசியும் வந்துச்சு. மாத்திரையால பிரயோஜனம் உண்டு.

"சத்தமா சொன்னேன்"னு எழுதியிருக்க. என்ன சொன்னேங்கறதை மட்டும் நைசா முழுங்கிட்ட. நான் ஞாபகப்படுத்தறேன். வீடு முழுக்க ஆளுங்க. அவரோட அண்ணன், கூட வேலை பாக்குறவங்க, பக்கத்து வீட்டு டெய்லரம்மா, எல்லாரும் கையில தட்டோட நிக்கிறாங்க. நீ அந்த ஸ்க்ரூடிரைவரை ஆட்டிக்கிட்டு, "டைல்ஸ் ஒட்டுறவர் டைல்ஸ் ஒட்டணும் மாமா, கரன்ட்ல கை வச்சா இப்படித்தான்"னு சொன்ன. அவரோட அண்ணன் சிரிச்சாரு. உங்க மாமா தட்டை அப்படியே வச்சுட்டு மாடிக்குப் போயிட்டாரு. அவர் சொந்த வீட்டுல, மொத நாள் சாப்பாடு.

ரெண்டு வருஷம் ஊரெல்லாம் அடுத்தவன் வீட்டுக்குத் தரை போட்டுட்டு, சாயங்காலம் வந்து இந்த வீட்டுக்குப் போட்டார்டா. மாடிப்படிச் சுவரைப் பாத்தியா நீ? உடைஞ்ச துண்டு, மிஞ்சின துண்டு எல்லாத்தையும் வெட்டி வெட்டி, கீழே கரும்பச்சையில ஆரம்பிச்சு மேல போகப் போக வெளுத்துக்கிட்டே போகும். பாத்திருக்க மாட்ட. உனக்கு ஸ்விட்ச் போர்டுதானே கண்ணுல படும்.

இன்னொண்ணு. நீ போனப்புறம் அவர் அந்தப் பெட்டியை முழுசாத் திறந்து எனக்குக் காட்டினாரு. நடுவுல சாம்பக் கலர்ல ஒரு பிளாஸ்டிக் தடுப்பு நிக்குது. கரன்ட் இந்தப் பக்கம், கேபிள் அந்தப் பக்கம். கடைக்காரர்கிட்ட கேட்டு, அளவா வெட்டி அவரே வச்சது. நீ ரெண்டு ஸ்க்ரூல ஒண்ணை மட்டும் கழட்டிட்டு, பிளேட்டைப் பாதி திருப்பிப் பாத்துட்டு, தீர்ப்பு சொல்லிட்ட. படிப்பையும் அப்படித்தானே பாதியில திருப்பிப் பாத்துட்டு விட்ட.

வந்து மன்னிப்பு கேளு. அது வரைக்கும் இந்த வாசப்படி உனக்கு இல்ல. இது அவர் சொன்னதில்ல, நான் சொல்றேன்.

அக்கா

*

மார்ச் 6

அக்காவுக்கு,

ரெண்டு நாள் யோசிச்சேன். ஒரு ராத்திரி திட்டிட்டு, ஒரு பகல் யோசிச்சேன்னு வச்சுக்கோ.

தடுப்பு இருந்தா அந்தப் பெட்டி சரிதான். நடுவுல தடுப்பு போட்டா ஒரே பெட்டியில வைக்கலாம், அதுவும் ரூல்தான். நான் பாக்கலை. அதனால மாமாகிட்ட இப்படிச் சொல்லு: அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் மன்னிப்பு. டைல்ஸ் பத்திப் பேசினதுக்கும் சேர்த்து வேணா தர்றேன், அது திமிர்ல வந்தது. ஆனா பைப்புக்கு மன்னிப்பு கிடையாது.

ஏன்னா அக்கா, நீ ரெண்டு பக்கம் எழுதியிருக்க. பெட்டியைப் பத்தி எழுதின, சுவத்தைப் பத்தி எழுதின, என் படிப்பு வரைக்கும் போயிட்ட. பைப்பைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. சின்ன வயசுல டம்ளரை உடைச்சுட்டு நீ தட்டைப் பத்தியே பேசிட்டு இருப்பியே, அதே மாதிரி இருக்கு.

மொட்டை மாடி டிஷ்ல இருந்து ஹாலுக்கு ஒயர் வருதுல்ல, அது எந்த வழியா வருது? படிச் சுவத்துக்குள்ள பைப்பு ஒண்ணா, ரெண்டா? மாடி லைட்டுக்குப் போற கரன்ட் ஒயரும் அதே பைப்புலதானா? அதை மட்டும் எழுது.

உனக்குப் புரியற மாதிரி சொல்றேன். கரன்ட் ஒயரும் கேபிள் ஒயரும் சம்பந்திங்க மாதிரி. தெருவுல எதிர்ல பாத்தா ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு குறுக்கே போயிடலாம், கூட்டல் குறி மாதிரி நேரா வெட்டிட்டுப் போகணும். ஒரே சுவத்துல பக்கத்துல பக்கத்துல போகணும்னா நடுவுல ரெண்டு அங்குலமாவது விடணும். ஒரே ரூம்ல படுக்க வச்சா குடும்பம் தாங்காது. பைப்புங்கறது ஒரே ரூம். அவ்வளவுதான் ரூலு. வீட்டுக்குள்ள நுழையற இடத்துல கேபிளுக்கு எர்த் கொடுக்கணும், அதுவும் வீட்டு எர்த்தோடயே சேர்க்கணும். அதுவும் செஞ்சிருக்க மாட்டீங்க.

சரி பண்றது பெரிய வேலை இல்ல. ஒரு டைல்ஸ்கூட உடைக்க வேண்டாம். மேல இருந்து கேபிளை உருவி எடுத்துட்டு, வெளியில சுவத்தோரமா கிளிப் அடிச்சு இறக்கிடலாம்.

தம்பி

*

மார்ச் 7

டேய்,

உன் கடுதாசியை அவருக்குச் சத்தமாப் படிச்சேன். சம்பந்தி இடத்துல சிரிச்சுட்டாரு. சிரிச்சுட்டோமேன்னு உடனே முகத்தைத் திருப்பிக்கிட்டாரு. "ஒரு பெட்டிக்கு மட்டும் மன்னிப்பாம், மீதியைத் தவணையில தருவானாமா"ன்னு கேட்டாரு. அம்மா சிரிச்சுது. நான் சிரிக்கலை.

பைப்பு ஒண்ணுதான். போதுமா?

யார் செஞ்சதுன்னு கேளு. நான்தான் செஞ்சேன். டைல்ஸ் எல்லாம் ஒட்டி முடிச்சப்புறம், டிஷ் ஒயரைச் சுவத்து மேலேயே கொண்டு வந்துடலாம்னுதான் அவர் சொன்னாரு. நான் முடியாதுன்னேன். என் வீட்டுச் சுவத்துல ஒரு ஒயர் தெரியக்கூடாதுன்னேன். நாம வளர்ந்த அந்த ரூம் உனக்கு மறந்துடுச்சா? மேல் வீட்டுக்காரங்க ஒயர், பக்கத்து வீட்டு ஒயர், எல்லாம் நம்ம கூரைக்குக் கீழ தொங்கும். அம்மா அதுல கைக்குட்டை காயப்போடும். ஒருநாள் என் கூடப் படிச்சவ வந்துட்டு, "உங்க வீட்டுல ஏன் மேல எல்லாம் கொடியா இருக்கு"ன்னு கேட்டா. அன்னைக்கே முடிவு பண்ணினது இது. அதுக்கப்புறம் யாரையும் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்ததே இல்ல நான்.

அதனால இருந்த பைப்புக்குள்ளயே விட்டோம். அவர் மேல இருந்து தள்ளினாரு, நான் கீழ இருந்து இழுத்தேன். நடு வளைவுல சிக்கிக்கிச்சு. சோப்புத் தண்ணி ஊத்தினோம். ரெண்டு பேரும் படி மேலயும் கீழயும் நின்னு கத்திக் கத்தி இழுத்தோம். கடைசியில ஒரே இழுப்புல வந்துச்சு பாரு, நான் பின்னால விழுந்தேன், அவர் மேல இருந்து கை தட்டினாரு. உள்ளங்கை ரெண்டும் சிவந்துபோச்சு. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்ச ஒரே வேலைடா அது. வந்து உருவிடறேங்கற.

உருவ விடமாட்டேன். படத்துல ரெண்டு கோடு வந்தா வந்துட்டுப் போகட்டும். எங்க கண்ணுக்கு அது பழகிடுச்சு.

அக்கா

*

மார்ச் 10

அக்காவுக்கு,

படத்துல வர்ற கோட்டுக்காக எவனாவது இவ்வளவு மல்லுக்கட்டுவானா?

நடு வளைவுல சிக்கிச்சுன்னு எழுதியிருக்கியே, அதைப் படிச்சதுல இருந்து எனக்குச் சாப்பாடு இறங்கலை. ஒரே இழுப்புல வந்துச்சுன்னா சும்மா வரலை, எதையோ உரிச்சுக்கிட்டு வந்திருக்கு. கேபிளோட தோலுக்குக் கீழ சடை பின்னின மாதிரி மெல்லிசாக் கம்பி இருக்கும். அந்தச் சடை டிஷ்ல இருந்து டிவி முதுகு வரைக்கும் ஒரே கம்பி. பக்கத்துல இருக்கற கரன்ட் ஒயரோட தோலும் அந்த வளைவுல உரிஞ்சிருந்தா, கரன்ட் சடையில ஏறிடும். எர்த் கொடுத்திருந்தா மெயின் ஸ்விட்ச் உடனே ட்ரிப் ஆகி, "நான் போறேன்"னு சொல்லிடும். நீங்க கொடுக்கலை. அப்ப அது எதுவும் சொல்லாம டிவி முதுகுல வந்து உக்காந்துக்கும். யாராவது தொடுற வரைக்கும்.

உரிஞ்சிருக்குன்னு நான் சொல்லலை. ஏற்கனவே ஒரு தடவை பாக்காம தீர்ப்பு சொல்லிட்டேன். இப்ப பாக்கணும்னுதான் கேக்குறேன்.

இங்க என் கதை வேற. ஒரு அடுக்குமாடி வேலை. வெளியில தனிப் பைப்பு அடிக்க நேரம் இல்ல, லிஃப்ட் ரூமுக்குப் போற கரன்ட் பைப்புக்குள்ளயே விட்டுடுன்னாரு சூப்பர்வைசர். முடியாதுன்னேன். ரூல் புக்கை எழுதினது நீங்களா, அதைக் கொடுத்த கம்பெனியான்னு கேட்டேன். உனக்கு வாய் அதிகம்னு சொல்லி என்னை வண்டியில இருந்து இறக்கி குடோன்ல போட்டுட்டாங்க. பழைய ஒயரைச் சுத்தி அடுக்கிட்டு இருக்கேன். வேலையை விட்டு நிக்கலை, பயப்படாத. உக்காந்துதான் இருக்கேன். முகம் தெரியாதவங்க வீட்டுக்கே மாட்டேன்னு சொல்லிட்டு வந்தவன், அம்மா இருக்கற வீட்டுக்குச் சரின்னு சொல்லுவேனா?

வாசப்படி எனக்கு இல்லேன்னு சொன்ன. நானும் சொல்றேன். மாமா வாயால கூப்பிடாம நான் அந்த வாசல்ல கால் வைக்க மாட்டேன். நீ கூப்பிட்டாலும் வரமாட்டேன். அவர் கூப்பிடணும். அவர்கிட்ட இருந்து சத்தமே வரலை பாரு.

குடைச்சல்

*

மார்ச் 13

குடைச்சலுக்கு,

நல்லா இருக்கியா? குடோன்ல தூசு இருக்கும், மூக்குல துணியைக் கட்டிக்கோ. உனக்கு உடனே இருமல் வந்துடும். உன் சட்டை ஒண்ணு அம்மா பையோட வந்திருக்கு, காலர் கிழிஞ்சிருந்துச்சு, டெய்லரம்மா தைச்சுக் கொடுத்துட்டாங்க. அவங்களும் அன்னைக்கு நீ பேசினதைத்தான் கேட்டாங்க. நான் என்ன சொல்றது, அவன் அப்படித்தான்னேன்.

உன் கடுதாசியை இந்தத் தடவை நான் அவருக்குப் படிச்சுக் காட்டலை. மேசையில வச்சிருந்தேன். அவர் படிச்சாரா இல்லையான்னு தெரியாது.

நான் சொன்னதுல மாத்தம் ஒண்ணும் இல்ல. நீ பேசினது தப்பு. ஒயர் என் சுவத்துல தெரியக்கூடாது. எனக்கும் சொல் ஒண்ணுதான்.

ஹாரன் அண்ணன் வாசல்ல நின்னு அடிச்சுட்டே இருக்காரு, தெருவே எட்டிப் பாக்குது. வைக்கிறேன்.

அக்கா

பின்குறிப்பு: சும்மா சொல்றேன். இந்த வாரமா அம்மா டிவியைத் துடைக்க மாட்டேங்குது. பின்பக்கம் கை பட்டா எறும்பு கடிக்கிற மாதிரி இருக்குங்குது. வயசாச்சு, தோல் மெலிஞ்சுடுச்சுன்னு நான் சொன்னேன். நேத்து உங்க மாமா போய் மாடி லைட்டு லைனை மட்டும் ஆஃப் பண்ணிட்டு, டெஸ்டரை டிவி முதுகுல வச்சுப் பாத்தாரு. மறுபடி ஆன் பண்ணி வச்சுப் பாத்தாரு, அப்பத்தான் டெஸ்டர் லைட்டு எரிஞ்சுது. அப்புறம் ஆஃப் பண்ணிட்டு, இனிமே யாரும் அந்த ஸ்விட்சையும் தொடாதீங்க, டிவியையும் தொடாதீங்கன்னு சொல்லிட்டாரு. மாடிக்கு டார்ச் எடுத்துட்டுத்தான் போறோம். ஹால்ல அந்தப் பெட்டியோட பிளேட்டைக் கழட்டிச் சுவத்தோரமா சாய்ச்சு வச்சிருக்காரு. ரெண்டு ஸ்க்ரூவையும் ஒரு சின்னக் கிண்ணத்துல போட்டு, ஸ்க்ரூடிரைவரைப் பக்கத்துல வச்சிருக்காரு. எடுத்து வைக்கட்டுமான்னு கேட்டேன். இருக்கட்டும், வேணும்னாரு. யாருக்குன்னு கேட்டேன். கிண்ணத்தை இன்னும் கொஞ்சம் சுவத்தோரமா தள்ளி வச்சுட்டுப் போயிட்டாரு.

*

மார்ச் 13, மதியம்

அக்காவுக்கு,

சும்மா சொல்றியா நீ? பின்குறிப்புல போட்டுட்டா சும்மா ஆகிடுமா? மேல எழுதினதெல்லாம் சட்டை காலரு, மூக்குக்குத் துணி. கடுதாசியே பின்குறிப்புதான். உன்னை எனக்குத் தெரியாதா.

எழுத நேரமில்ல, ஆனா ஹாரன் அண்ணன் டீசல் போடப் போயிருக்காரு. அவர் வர்றதுக்குள்ள எழுதறேன், நானும் அதே வேன்லதான் வர்றேன், உன் வாசல்ல வந்து நின்னதும் பேச ஆரம்பிச்சா நாம ரெண்டு பேரும் கத்திடுவோம். கதவைத் திறந்ததும் மொதல்ல இதைப் படி.

போன் பண்ணிட்டேன். உனக்கு இல்ல, சட்டம் சட்டம்தான். டெய்லரம்மாவுக்கு. அந்த ஸ்விட்ச்சு ஆஃப்லயே இருக்கான்னு போய்ப் பாத்துட்டு, அம்மா துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போகாம பிடிச்சு வைக்கச் சொல்லியிருக்கேன். டிஷ்ஷையும் தொடக்கூடாது, அதுவும் அதே சடைதான். அம்மா தோல் மெலியலை. எறும்பும் இல்ல. அம்மாகிட்ட நீ மன்னிப்பு கேளு, இதுக்கு மட்டும்.

மாமா செஞ்சது சரியான சோதனை. ஆஃப் பண்ணினா எரியலை, ஆன் பண்ணினா எரியுதுன்னா உரிஞ்சது அந்த ஒயர்தான். எங்க சூப்பர்வைசர்கூட இதை யோசிக்க மாட்டாரு. இதை நானே மாமா மூஞ்சிக்கு நேராச் சொல்றேன், அவரோட அண்ணன் இருந்தா இன்னும் சத்தமாச் சொல்றேன்.

அவர் வாயால கூப்பிடணும்னு சொன்னேன். ஸ்க்ரூவைக் கிண்ணத்துல போட்டு வச்சாரே, அது போதும். அவர் வாய் அவ்வளவுதான். எனக்குப் புரியுது. உனக்குப் புரியலைன்னு நடிக்காத.

சூப்பர்வைசர்கிட்ட லீவு கேட்டேன். கிடையாதுன்னாரு. கேட்கலை, சொன்னேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். நாளைக்கு குடோன் இருக்குமா இருக்காதான்னு நாளைக்குப் பாக்கலாம்.

இப்ப நான் என்ன பண்ணப் போறேன்னு சொல்லிடறேன், அப்புறம் குறுக்க நின்னு கத்தாத. கேபிளை உருவிடுவேன். அதோட வாலுலயே ஒரு கயித்தைக் கட்டி உருவுவேன், உரிஞ்ச பழைய கரன்ட் ஒயரையும் எடுத்துட்டா, அந்தக் கயித்தை வச்சு மாடிக்குப் புது கரன்ட் ஒயர் உள்ள போகும். அதை மாமா மேல இருந்து தள்ளட்டும், நீ கீழ இருந்து இழு. வளைவுல சிக்கினா நிறுத்தணும், மல்லுக்கட்டக் கூடாது, அதுக்குத்தான் நான் நடுவுல நிப்பேன். ஒரு டைல்ஸ் மேல கீறல் விழாது. படிச் சுவரை இந்தத் தடவை பாக்கறேன். கரும்பச்சையில இருந்து மேல வரைக்கும்.

புது கேபிள் வெளியிலதான் வரும். வெள்ளைக் கலர் எடுத்திருக்கேன். வாசல் பக்கம் மேல இருந்து கீழ வரைக்கும் நேரா, நூல் பிடிச்ச மாதிரி அடிப்பேன். கரன்ட் ஒயர் குறுக்க வர்ற இடத்துல கூட்டல் குறி. நுழையற இடத்துல எர்த். ஒயர் தெரியும் அக்கா. வர்றவன் போறவன் எல்லாருக்கும் தெரியும். தெரியட்டும். இது மேல் வீட்டுக்காரன் ஒயர் இல்ல, உன் ஒயர். எவளாவது ஏன் இப்படின்னு கேட்டா என்கிட்ட அனுப்பு. அம்மா அதுல கைக்குட்டை காயப்போட்டா மட்டும் நான் பொறுப்பில்ல.

ஒண்ணை மட்டும் தெளிவாச் சொல்லிடறேன். மன்னிப்பு கேட்க வர்றேன்னு நினைச்சுடாத. அது அந்த ஒரு பெட்டிக்கு மட்டும், அதையும் ஏற்கனவே கொடுத்தாச்சு. பேசின பேச்சுக்கு வேணா மாமாகிட்ட

ஹாரன் அடிக்கிறாரு. குடோன்ல இருக்கற அத்தனை பேரும் திரும்பிப் பாக்குறாங்க. கிளம்பறேன்.